கொச்சியைச் சூழ்ந்த கோட்டைகள்

கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் மனக்கண்முன் எழுவன செஞ்சியின் மூன்று குன்றுகளும், வேலூரின் அகழியும், திருமயத்துப் பாறையைச் சுற்றி வரும் மதிலுமே ஆகும். உயர்ந்த கருங்கல் மதிலும், யானை புகும் வாயிலும், மேலே பீரங்கி மேடையும் இருந்தாலன்றி ஓரிடத்தைக் கோட்டை என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை. ஆதலால், தொழிலை நாடியும் வாணிகத்தை நாடியும் கொச்சிக்கு வந்து குடியேறிய நம் குடும்பத்தினர், "இங்கே பார்ப்பதற்குக் கோட்டை என்று என்ன இருக்கிறது?" என்று வினவுவதில் வியப்பில்லை.

ஆயினும் நாள்தோறும் 'போர்ட் கொச்சி' என்று சொல்லுகிறோம். பேருந்தின் நெற்றியிலும் படகுத்துறையின் பலகையிலும் அப்பெயரைக் காண்கிறோம். அந்தக் கோட்டை எங்கே என்று கேட்டால் விடை சொல்லுவோர் சிலரே. பிள்ளைகளுள் சிலர் அச்சொல் துறைமுகத்தைக் குறிப்பதாகவே எண்ணிக்கொள்கின்றனர். கொச்சிக்கு வடக்கே சென்றால் கோட்டப்புறம், கிருஷ்ணன்கோட்டை, கோட்டமுறி, கோட்டவாதில் என்று மேலும் சில ஊர்ப்பெயர்கள் எதிர்ப்படும். பெயர்கள் நிற்கின்றன, கோட்டைகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

மட்டாஞ்சேரியிலிருந்து காலையிற் புறப்பட்டு மாலைக்குள் திரும்பி வரக்கூடிய சில கோட்டைகளையும், அரண்போல் அமைந்த பழைய மனைகளையும் இக்கட்டுரையில் காண்போம். இவற்றுள் முழுமையாக நிற்பவை குறைவு. ஆனால் அவை ஏன் எழுந்தன, யாரால் இடிந்தன, இடிந்தபின் அங்கே எஞ்சியவர் யார் என்று கேட்டுக்கொண்டே நடப்போமாயின், நாம் குடியிருக்கும் இம்மண் நமக்கு அயலாகத் தோன்றாது. அவ்வரலாற்றில் தமிழ் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு.

நீரும் மலையும் அரணான நாடு

திருவள்ளுவர் அரண் என்று தனி அதிகாரமே வகுத்து, நீர், வெளி நிலம், மலை, காடு ஆகிய நான்கையும் அரணின் உறுப்புகளாக எண்ணினார். அவ்வகையில் மலையாள நாடு பிறவியிலேயே அரண் பெற்ற நாடு. கிழக்கே மலைத்தொடர், மேற்கே கடல், இடையே காயலும் ஆறுகளும் பின்னிக் கிடக்கின்றன. பழங்காலத்து மன்னர்கள் இங்கே மண்ணணையும் முள்வேலியும் மரக்கதவும் கொண்டு காவல் செய்தனர். பீரங்கி பொருத்திய ஐரோப்பிய முறைக் கோட்டைகள் கடல் வழியே வந்தவர்களால்தான் இக்கரையில் எழுந்தன.

1341-ஆம் ஆண்டு பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாக வரும் செய்தி. கப்பல்கள் கொச்சியை நாடின. மிளகு ஏற்றுமதி பெருகியது. கள்ளிக்கோட்டைச் சாமூதிரிக்கும் கொச்சி அரசருக்கும் இருந்த பகையும் வளர்ந்தது. அந்தப் பகையின் நடுவேதான் 1500-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் கொச்சித் துறையில் வந்திறங்கினர்.

மட்டாஞ்சேரி அரண்மனை

நம்மவர் வீடுகளுக்கு அண்மையில் இருப்பது மட்டாஞ்சேரி அரண்மனையே. 'டச்சு அரண்மனை' என்று ஊரார் அழைத்தாலும் இதைக் கட்டியவர் டச்சுக்காரர் அல்லர். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்த்துக்கீசியர் இதனைக் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அன்பளிப்பாக அளித்தனர். அருகிருந்த கோயில் ஒன்றைக் கொள்ளையிட்டதால் விளைந்த சினத்தைத் தணிக்கவே இக்கொடை நிகழ்ந்தது என்பர். டச்சுக்காரர் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றியபின் இதனைச் செப்பனிட்டுப் புதுக்கினர்; அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது பெரிய வீடு என்றே தோன்றும். உள்ளே சென்றால் அதன் அமைப்பு விளங்கும். நான்கு கட்டுகள் நடுவே ஒரு முற்றம். முற்றத்தில் அரச குடும்பத்தின் தெய்வமான பழையன்னூர்ப் பகவதியின் கோயில். தடித்த சுவர்களும் வளைவுகளும் ஐரோப்பிய முறை. நாலுகெட்டும் ஓட்டுக்கூரையும் மலையாள முறை. வளாகத்தில் திருமாலுக்கும் சிவபெருமானுக்கும் கோயில்கள் உள்ளன. மதிலை ஒட்டியே, 1568-இல் கட்டப்பட்ட யூதர்களின் தொழுகைக்கூடம் இருக்கிறது. அடைக்கலம் தேடி வந்த அயல்நாட்டு மக்களுக்குத் தம் அரண்மனையின் பக்கத்திலேயே இடம் அளித்த அரசரின் பெருந்தன்மையை இவ்விரு கட்டடங்களுக்கும் இடையே உள்ள ஒற்றைச் சுவர் எடுத்துக்காட்டும்.

அரண்மனையின் பெருஞ்செல்வம் அதன் சுவரோவியங்களே. பள்ளியறையின் சுவர்களில் தசரதன் வேள்வி செய்ததிலிருந்து இராமபிரான் அயோத்திக்கு மீண்டது வரை இராமாயணம் முழுதும் காவியும் பச்சையும் மஞ்சளுமாகத் தீட்டப்பட்டுள்ளது. கம்பன் கதையைக் கேட்டு வளர்ந்த பாட்டிமார் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஒவ்வொரு காட்சியையும் சுட்டிக் கதை சொல்லுதற்கு இதனினும் சிறந்த இடம் இவ்வூரில் இல்லை. பல்லக்குகளும், அரசர்களின் உருவப்படங்களும், பழைய கொச்சியின் டச்சு வரைபடங்களும் உள்ளே இருக்கின்றன. அந்த வரைபடங்களை நன்கு பார்த்துக்கொள்ளுதல் நலம். அடுத்துச் செல்லும் இடத்தில் அவை நமக்கு வழிகாட்டும்.

காணாமற்போன கோட்டை

1503-ஆம் ஆண்டு சாமூதிரியின் படை கொச்சியைத் தாக்கியது. அரசர் வைப்பின் தீவில் அடைக்கலம் புக நேர்ந்தது. போர்த்துக்கீசியர் உதவியால் அரசுரிமையை மீட்ட அவர், கடலோரத்தில் ஒரு கோட்டை கட்டிக்கொள்ள அவர்களுக்கு இசைவு தந்தார். இந்திய மண்ணில் ஐரோப்பியர் எழுப்பிய முதற்கோட்டை அதுவே. தென்னந்தடிகளை நட்டு மண் நிரப்பி முதலில் அமைத்தார்கள். பின்னர் கல்லால் வலுப்படுத்தினார்கள். தம் அரசர் மனுவேலின் பெயரையே கோட்டைக்கும் சூட்டினார்கள். வாஸ்கோ ட காமா 1524-இல் கொச்சியில் உயிர் நீத்தபோது இங்குள்ள தேவாலயத்திலேயே அவரை அடக்கம் செய்தனர். பின்னர் அவர் எலும்புகள் போர்த்துக்கல்லுக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

1663-இல் கோட்டை டச்சுக்காரர் வசமாயிற்று. அவ்வளவு பெரிய மதிலைக் காப்பது இயலாதென்று கண்டு, அவர்கள் பெரும்பகுதியை இடித்துக் கோட்டையைச் சுருக்கினர். மூலைகளில் கொத்தளங்கள் அமைத்து அவற்றுக்குத் தம் நாட்டுப் பெயர்களை இட்டனர். 1795-இல் ஆங்கிலேயர் கொச்சியைக் கைப்பற்றினர்; 1806-இல் மதிலையும் பெரிய கட்டடங்கள் பலவற்றையும் வெடி வைத்துத் தகர்த்தனர். 1814-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கொச்சி ஆங்கிலேயர்க்கே உறுதியாயிற்று. டச்சுக்காரர் அதற்கு ஈடாகச் சுமத்திராவுக்கு அருகிலுள்ள பங்கா என்னும் தீவைப் பெற்றனர். ஊரில் இருந்தவர்களை எவரும் கேட்கவில்லை.

எஞ்சியவை சில. கொத்தளம் ஒன்று இருந்த இடத்தில் 1667-இல் எழுந்த பாஸ்டியன் பங்களா இன்று மாவட்டப் பாரம்பரிய அருங்காட்சியகமாக விளங்குகிறது. பரேடு மைதானத்தை ஒட்டி, டச்சுக் கம்பெனியின் முத்திரை பொறித்த 1740-ஆம் ஆண்டு வாயில் நிற்கிறது. 1724-இல் திறந்த டச்சுக் கல்லறைத் தோட்டமும் கடற்கரைக்கு அருகில் இருக்கிறது. கடற்கரை நடைபாதையில் மதிலின் சிதைந்த அடித்தளத்தையும் காணலாம். அரண்மனையில் கண்ட வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இவ்விடங்களை நடந்தே சுற்றிவந்தால், மறைந்த மதில் எங்கெங்கே சென்றது என்பது ஓரளவு புலப்படும்.

மதிலுக்குப்பின் எஞ்சியவர்

இங்கே நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோட்டையிலிருந்த டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டிலிருந்து வண்ணார் குலத்தவரை அவர்கள் அழைத்து வந்தனர் என்பது இங்குள்ள மரபு. போர்ட் கொச்சியில் வெளி என்னும் பகுதியில் உள்ள டோபி கானாவில் அவர்கள் வழிவந்தோர் இன்றும் தொழில் செய்கின்றனர். வரிசையாக அமைந்த தொட்டிகளில் துவைத்து, கஞ்சியிட்டு, கயிற்றில் உலர்த்தி, கரி போட்ட பெட்டியால் தேய்க்கும் அத்தொழிலை அங்கே நேரிற் காணலாம். வீட்டில் அவர்கள் தமிழ் பேசுவர்.

படை போயிற்று, உடை வெளுக்கச் சொன்ன அதிகாரி போனார், பீரங்கிக்கு அஞ்சாத மதிலும் வெடிமருந்தில் போயிற்று. துணி வெளுக்க வந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டன. நாம் கொச்சிக்கு நேற்று வந்தவர்கள் என்று எண்ணுகிறோம். நமக்கு முன்னரே வந்து, தாய்மொழியை விடாமல் இவ்வூராகவே ஆகிவிட்டவர்கள் இவர்கள். கோட்டையைப் பார்க்கச் செல்வோர் இம்மக்களையும் கண்டு, வேடிக்கை பார்க்கும் கண்ணோடு நில்லாமல், மதிப்போடு இரண்டு சொற்கள் பேசி வருதல் வேண்டும்.

பள்ளிப்புறத்து அறுகோணம்

இனி வடக்கே செல்வோம். போர்ட் கொச்சியிலிருந்து ஜங்காரில் காயலைக் கடந்தால் வைப்பின் தீவு. தீவின் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சென்றால், பெரியாற்றின் கிளை கடலோடு கலக்கும் முனம்பத்துக்கு அருகே பள்ளிப்புறம் கோட்டையை அடையலாம். ஆயிக்கோட்டை என்றும் இதற்குப் பெயர். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1503-ஐ ஒட்டிய ஆண்டுகளில், போர்த்துக்கீசியர் இதனைக் கட்டினர். இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய கோட்டைகளுள் இன்றளவும் நிற்பவற்றில் மிகப் பழையது இதுவே என்பர்.

செஞ்சியை நினைத்துக்கொண்டு செல்வோர் இதைக் கண்டு ஏமாறக்கூடும். ஆறு பக்கங்கள் கொண்ட ஒரு சிறு கட்டடம். செம்புரைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பியது. கூரையும் உள்தளங்களும் இன்று இல்லை. ஆயினும் சுவர்களில் உள்ள பீரங்கித் துளைகளின் வழியே நோக்கினால் இதன் நோக்கம் விளங்கும். கடலிலிருந்து ஆற்றுக்குள் புகும் ஒவ்வொரு படகும் இக்கண்களுக்குத் தப்ப இயலாது. படை தங்கும் கோட்டையன்று இது. மிளகுத் தோணிகளைக் கண்காணித்த காவற்கூடம். 1661-இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். அருகே மாதா கோயிலும் ஆற்றங்கரையும் இருக்கின்றன. கட்டுச்சோறு கொண்டு செல்வோர் ஆற்றங்கரை நிழலில் அமர்ந்து உண்ணலாம். இலையையும் தாளையும் அங்கேயே போட்டுவிட்டு வருதல் கூடாது.

கோட்டப்புறமும் பாலியமும்

பள்ளிப்புறத்திலிருந்து செறாயி, வடபறவூர் வழியாகக் கோட்டப்புறம் செல்லலாம். 1523-இல் போர்த்துக்கீசியர் கட்டிய கொடுங்கல்லூர்க் கோட்டை இங்கே சிதைந்து கிடக்கிறது. வலிய மதிலின் சில பகுதிகளும், ஆற்றங்கரை மேட்டில் மரங்களின் வேர்கள் பற்றிய கற்களுமே மிச்சம். டச்சுக்காரர் 1789-இல் இக்கோட்டையையும் பள்ளிப்புறம் கோட்டையையும் மூன்று லட்சம் ரூபாய்க்குத் திருவிதாங்கூர் அரசருக்கு விற்றனர். கொச்சி தமக்குத் திறை செலுத்தும் நாடு என்றும், அந்நாட்டு மண்ணில் உள்ள கோட்டைகளை விற்க டச்சுக்காரருக்கு உரிமை இல்லை என்றும் திப்பு சுல்தான் வழக்குரைத்தார். அவ்வழக்கு போராக முற்றியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

வடபறவூருக்கு அருகில் உள்ள சேந்தமங்கலத்தில் பாலியம் மனை இருக்கிறது. கொச்சி அரசின் தலைமை அமைச்சர்களாக வழிவழி இருந்த பாலியத்தச்சன்மாரின் இருப்பிடம் இது. டச்சுக்காரருக்குத் துணை நின்றதற்கு நன்றியாக இங்குள்ள கோவிலகத்தை அவர்கள் கட்டித் தந்தனர் என்று மரபு கூறும். தடித்த சுவர்களும், ஒடுங்கிய படிகளும், கனத்த மரக்கதவுகளும் கொண்ட இம்மனையில் வீடும் அரணும் ஒன்றாகி நிற்கின்றன. 1808-இல் திருவிதாங்கூர்த் தளவாய் வேலுத்தம்பியோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்த பாலியத்தச்சன் நாடுகடத்தப்பட்டார். கோவிலகமும் அருகிலுள்ள நாலுகெட்டும் இன்று அருங்காட்சியகங்களாக உள்ளன.

கல்மதிலைப் போலவே கண்ணுக்குப் புலப்படாத மதில்களும் உண்டு. பாலியத்தின் அருகே செல்லும் சாலையில் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடப்பதற்குத் தடை இருந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டின் டிசம்பரிலும் அத்தடை நீங்கவில்லை. அதனை எதிர்த்து மக்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினர். 1948 மார்ச் மாதத்தில், காவலர் தடியடியால் ஏ. ஜி. வேலாயுதன் உயிர் துறந்தார். பீரங்கி உடைத்த மதில்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நடந்து நடந்தே மக்கள் உடைத்த இந்த மதிலின் கதையையும் சொல்லுதல் நம் கடமை.

சேந்தமங்கலம் கைத்தறிக்கும் பேர்பெற்ற ஊர். 2018-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தறிகளை இழந்த நெசவாளர்கள் மீண்டும் எழுந்து நெய்கின்றனர். திரும்பும்போது ஒரு வேட்டியோ முண்டோ வாங்கி வருவது நல்லது.

நெடுங்கோட்டை

இக்கோட்டைகள் அனைத்தினும் பெரியது நெடுங்கோட்டை. கொடுங்கல்லூருக்கு அருகே கிருஷ்ணன்கோட்டையில் தொடங்கிக் கிழக்கே ஆனைமலைத் தொடர் வரை, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுக்கே சென்ற மண்மதில் இது. வடக்கிலிருந்து மைசூர்ப் படை வருவதைத் தடுப்பதற்காகத் திருவிதாங்கூர் அரசர் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர், கொச்சி அரசரின் இசைவோடு, 1760-களில் இதனைக் கட்டுவித்தார். பெரும்பகுதி கொச்சி நாட்டு நிலத்திலேயே சென்றது. மதிலின் வடபுறம் 16 அடி அகலமும் 20 அடி ஆழமும் உள்ள அகழி. அதில் மூங்கிலும் முட்செடிகளும் வளர்க்கப்பட்டன.

1789 டிசம்பர் இறுதியில் திப்பு சுல்தான் இம்மதிலைத் தாக்கிப் பேரிழப்போடு பின்வாங்கினார். 1790 ஏப்ரலில் பீரங்கிகளோடு மீண்டும் வந்து மதிலை உடைத்தார். அகழியைத் தூர்க்கச் செய்தார். கோட்டப்புறம் கோட்டையும் அவ்வாண்டிலேயே அழிந்தது. அவர் ஆலுவா வரை வந்தபின் பெரியாற்றில் மழைவெள்ளம் பெருகியது. ஆங்கிலேயர் மைசூரை நோக்கிப் படையெடுக்கும் செய்தியும் எட்டியது. அவர் திரும்ப நேர்ந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் இவ்வாறு தொடங்கிற்று.

இன்று நெடுங்கோட்டையைத் தேடிச் செல்வோர் சாலக்குடி, கொரட்டி, மாளப் பகுதிகளில் ஊர்ப்பெயர்களையே மிகுதியும் காண்பர். கோட்டையின் வாயில் இருந்த இடம் கோட்டவாதில். முறிந்த இடம் கோட்டமுறி. ஆங்காங்கே ஒரு மேடும், தோட்டத்தினூடே ஒரு நீண்ட பள்ளமும் தென்படும். வீடு கட்டுவோர் பள்ளத்தை நிரப்புகின்றனர். செங்கல்லுக்கு மண் எடுப்போர் மேட்டைக் கரைக்கின்றனர். இன்னும் ஒரு தலைமுறை சென்றால் பெயர் ஒன்றே மிஞ்சும்.

இதைக் காண்பதற்கென்று தனியே செல்ல இயலாதவர்க்கும் ஒரு வழி உண்டு. எர்ணாகுளத்திலிருந்து திருச்சூர் வழியாகக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ செல்லும் ரயில், கருகுற்றிக்கும் சாலக்குடிக்கும் இடையே இந்தப் பழைய மதிலின் பாதையைக் குறுக்கே கடக்கிறது. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது, ஒரு காலத்தில் இரு பேரரசுகள் மோதிய எல்லையை நாம் கடந்துகொண்டிருக்கிறோம். சன்னலோரத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

தமிழில் எழுதிய கல்

நெடுங்கோட்டையின் அமைப்பில் பெரும் பங்கு கொண்டவர் தெலனாய் என்னும் ஐரோப்பியர். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரோடு நடந்த போரில் டச்சுப் படை தோற்றபோது சிறைப்பட்டவர் இவர். பின்னர் அவ்வரசரின் பணியிலேயே அமர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என்றழைத்தனர். 1777-இல் மறைந்த அவரது கல்லறை, கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே உள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அதன்மேல் உள்ள கல்லெழுத்து இரு மொழிகளில் அமைந்தது. ஒன்று இலத்தீன், மற்றொன்று தமிழ். நாகர்கோயில் வழியே ஊருக்குச் செல்லும் நம்மவர்கள் சிறிது நேரம் இறங்கி அக்கல்லைப் பிள்ளைகளைக் கொண்டே படிக்கச் செய்யலாம்.

எங்கோ பிறந்து, சிறைப்பட்டு வந்து, வந்த நாட்டுக்கே உழைத்து, அந்நாட்டு மண்ணிலேயே உறங்கும் ஒருவரின் கதை, குடிபெயர்ந்து வாழும் நமக்கு எளிதில் விளங்கும். வண்ணார் குடும்பங்களின் கதையும் அத்தகையதே. மதில் கட்டியவர்களுள் பலர் கப்பலேறிச் சென்றனர். இம்மண்ணில் உழைத்தவர்கள் இதன் மக்களாயினர்.

ஆகவே, அன்பர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு நாளையேனும் இதற்கென ஒதுக்குங்கள். முதல் நாள் அரண்மனையும் போர்ட் கொச்சியும். மறுமுறை வைப்பினும் பள்ளிப்புறமும் சேந்தமங்கலமும். பின்னொரு நாள் சாலக்குடிப் பக்கம். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டாதலின் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். ஓவியங்களைத் தொடாதிருக்கவும், கோட்டைச் சுவரில் பெயர் கீறாதிருக்கவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கண்டதைப் பற்றி அவர்கள் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். 'உன் ஊர் எது?' என்று நாளை எவரேனும் கேட்டால், பாட்டன் பிறந்த ஊரையும் சொல்லி, தான் வளரும் கொச்சியையும் தயங்காமல் சொல்லும் பிள்ளையாக அவர்கள் வளர வேண்டும்.